தெரியாதவர்கள் இடது கை

சாக்பீஸை வினோதினி வேண்டுமென்றே இரண்டாக ஒடித்து வைத்திருந்தாள். முழுசாக இருந்தால் கரும்பலகையில் கீச்சென்று கத்தும், பாதியாக இருந்தால் கத்தாது. பி.எட். கல்லூரியில் யாரும் சொல்லித் தராமல் அவளாகக் கண்டுபிடித்தது இது. கடைசி பெஞ்சில் ஆய்வுக் குழு அதிகாரிகள் வந்து உட்கார்ந்திருக்கிற இந்த நேரத்தில் அவளாகக் கண்டுபிடித்தவை இன்னும் நாலைந்து கைவசம் இருந்தால் தேவலை என்று தோன்றியது. 'போர்க்காலமும் குடிமக்களின் துணிவும்' என்று பலகையில் எழுதினாள். கை நடுங்கவில்லை. நடுங்கப் போகிறது என்று நேற்று முழுக்க அதற்காகவே தயாராகி, நடுங்கினால் பலகையின் பக்கம் திரும்பி நிற்பது, டஸ்டரைக் கையில் எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடெல்லாம் செய்து வைத்திருந்தாள், இப்போது அந்த ஏற்பாடுகள் விருந்தாளி வராத வீட்டு இலைகளைப் போலக் கிடந்தன. எழுத்து நேராக வந்திருக்கிறது. 'துணிவும்' என்பதில் கடைசி 'ம்' மட்டும் கொஞ்சம் சரிந்துவிட்டது, அதை அழித்துத் திரும்ப எழுதலாமா, எழுதினால் பதற்றப்படுகிறாள் என்று நினைப்பார்களா, எழுதாவிட்டால் கவனக்குறைவு என்று குறித்துக்கொள்வார்களா. இருக்கட்டும், சரிந்தே இருக்கட்டும். வாசலையொட்டிப் போட்ட நாற்காலியில் தலைமையாசிரியை இந்திராணி மேடம் பட்டுப்புடவையில் உட்கார்ந்து, சிரி, சிரி என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். "கல்யாண ரிசப்ஷன் மாதிரி நெனச்சுக்க வினோ. சிரிச்சுக்கிட்டு நின்னா போதும், மத்தத பசங்க பாத்துக்குவாங்க." நேற்று மாலை அப்படித்தான் சொன்னார். இந்த மாதத்தோடு வினோதினியின் தகுதிகாண் பருவம் முடிகிறது. இன்றைய வகுப்பைப் பார்த்து அதிகாரிகள் எழுதுகிற ரெண்டு வரியும் மேடம் அதன் கீழே போடுகிற கையெழுத்தும் சேர்ந்துதான் அவள் இந்தப் பள்ளிக்கூடத்தில் நிரந்தரமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வகுப்பைப் பார்த்தாள், பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகளோடு, எப்போதும் பரட்டையாக வருகிற ஜமீல்கூடப் படிய வாரிய தலையோடு, அவளைப் பார்த்துச் சிரித்தது. மொத்தப் பேரும் ஒரே மாதிரி சிரித்ததில் அவளுக்கு லேசாகப் பயம் வந்தது.

"இப்ப ஒரு கேள்வி கேக்கறேன், தெரிஞ்சவங்க கை தூக்குங்க" என்றாள். அந்த வாக்கியம் வாயிலிருந்து வெளியே வரும்போதே நாற்பது கைகள் மேலே போயின. தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. இதை மேடம் கண்டுபிடிக்கவில்லை, வினோதினியும் கண்டுபிடிக்கவில்லை, பள்ளிக்கூடம் என்று ஒன்று ஏற்பட்டு இன்ஸ்பெக்‌ஷன் என்று ஒன்று ஏற்பட்ட நாளிலேயே இதுவும் ஏற்பட்டிருக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து பார்ப்பவருக்கு வகுப்பு முழுக்கக் கை, டீச்சர் மட்டும் வலது கைகளில் ஒன்றைப் பார்த்து எழுப்புவாள், பதில் வரும், எல்லாருக்கும் சந்தோஷம். ஐந்தாம் வகுப்பில் வினோதினி இடது கைக்காரி. ஊராட்சிப் பள்ளி, கூரையில் ஓடு மாற்றாத அந்த அறை, ஆய்வாளரின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிற சத்தம், உடனே எல்லாரும் நிமிர்ந்து உட்காருவது. அவளுக்குக் கணக்கு வராது. வராது என்று டீச்சருக்கும் தெரியும். அதனால் அவள் இடது கையைத் தூக்குவாள், நேராக, விரல்களைச் சேர்த்து, காதை ஒட்டி, மற்ற எவரையும்விட அழகாகத் தூக்குவாள், கையைத் தூக்குவதிலாவது முதலாக வர வேண்டுமே. வீட்டில் போய் அப்பாவிடம் சொன்னபோது, வெங்காய மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு வந்து முதுகைச் சுவரில் சாய்த்திருந்த அவர், "தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கும் ஒரு கை குடுத்துக்கீறாங்களே, நல்ல இஸ்கூலுதான்" என்றார். அவர் கிண்டல் செய்தாரா நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அவர் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்ததில்லை, அவள் கல்லூரியில் சேரும்போது முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீஸில் கொடுத்த சான்றிதழை ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தார். யோசித்தால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, இந்த ஏமாற்று வேலையிலேயே உண்மை சொல்கிற கை அந்த இடது கை ஒன்றுதான். வலது கைகள் மனப்பாடம் செய்தவை. நினைவில் எங்கேயோ போய்விட்டாள். நாற்பது கைகள் காத்திருக்கின்றன. "அம்பலப்படுத்துநர்னா யாரு? நித்யகல்யாணி, நீ சொல்லு" என்றாள்.

நித்யகல்யாணி எழுந்து, ஆய்வுக் குழுவின் பக்கம் பாதி, டீச்சரின் பக்கம் பாதி என்று சரியான கோணத்தில் நின்றாள். "தான் பணிபுரியும் அரசு அலுவலகத்தில் நடக்கும் தவறை, தனக்கு நேரக்கூடிய தீங்கைப் பொருட்படுத்தாமல், பொதுமக்களின் நன்மைக்காக வெளிப்படுத்துபவரே அம்பலப்படுத்துநர் ஆவார்." நேற்று மூன்று தடவை இதையே கேட்டாயிற்று, மூன்றாவது தடவை 'பொருட்படுத்தாமல்' என்ற இடத்தில் அவள் ஒரு சின்ன மூச்சு விட்டாள், இன்றும் அதே இடத்தில் அதே மூச்சு. கடைசி பெஞ்சில் நடுவில் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி, நரைத்த மீசையும் கழுத்தில் துண்டு போலச் சுற்றிய மஃப்ளருமாக, தலையை ஆட்டிக்கொண்டார். அம்பலப்படுத்துநர். அந்த வார்த்தையை வினோதினிதான் தேடிப்பிடித்துக் கொடுத்தாள், கொடுத்த நாளிலிருந்து அது அவள் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பாடம் எடுத்த முதல் நாள் ஜமீல் எழுந்து, "புரிஞ்சிடுச்சு மிஸ், போட்டுக் குடுக்கறவன்" என்றான். வகுப்பே சிரித்தது. "அப்படி இல்ல ஜமீல், போட்டுக் கொடுக்கறவன் தனக்கு லாபம் வரணும்னு செய்யறான், இவரு தனக்கு நஷ்டம் வரும்னு தெரிஞ்சே செய்யறாரு." அந்தப் பதில் அவளுக்கே பிடித்திருந்தது, பஸ்ஸில் போகும்போது அதைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் அதில் ஒரு ஓட்டை தெரிந்தது, யாருக்குத் தெரியட்டும் என்று அவர் நஷ்டப்படுகிறார் என்பது அதில் இல்லை, ஆனாலும் பிடித்திருந்தது. இந்த ஊரில் இந்தப் பாடத்தை எடுப்பது லேசான காரியம் அல்ல. தெருவுக்கு நாலு பேர் ராணுவத்தில். மாப்பிள்ளை ராணுவம் என்றால் ஜாதகம் பார்ப்பதில்லை. போன மாதம் எல்லையில் சண்டை நடந்த நாட்களில் டீக்கடைகளில் ரேடியோவைச் சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் அங்கே ஒரு பிள்ளையோ மச்சானோ இருந்தார்கள். அந்த ஊரில் வந்து நின்றுகொண்டு, போர்க்காலத்திலும் அரசாங்கம் சொல்வதைக் கேள்வி கேட்கலாம், சில சமயம் கேட்டே ஆக வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க, அரசு ஊழியத்தில் நிரந்தரம்கூட ஆகாத ஒருத்தி.

ஆனால் குரல் நன்றாக இருந்தது. அதுதான் ஆச்சரியம். "ஒரு நாடு. பேர் வேண்டாம், ஏன்னா இது நான் கட்டின கதை" என்று தொடங்கினாள், எப்போதும் அப்படித்தான் தொடங்குவாள், இல்லாவிட்டால் பிள்ளைகள் பரீட்சையில் அதை வரலாறு என்று எழுதி வைத்துவிடுவார்கள். "அந்த நாட்டுல போர். பனி மலை. படைக்குக் குளிருக்குப் போடற கோட்டு போய்ச் சேரல. ஆனா தினமும் சாயந்தரம் அரசாங்கத்து அறிக்கை வரும், நம் வீரர்கள் எல்லாருக்கும் கோட்டு கிடைச்சிடுச்சுன்னு. அந்த அறிக்கைய டைப் அடிக்கிறவர் ஒரு குமாஸ்தா." சொல்லச் சொல்ல அந்த ஆள் அவளுக்குத் தெரிந்தான், முழங்கைச் சட்டையில் மை, டைப்ரைட்டரின் மேல் மூடி வைத்த டீ கிளாஸ், சாயந்தரம் ஆனால் அதே வரி. முதல் நாள் அடிக்கும்போது நம்பினான். பத்தாம் நாள் அடிக்கும்போது சந்தேகப்பட்டான். கிடங்கில் வேலை பார்க்கும் நண்பன் கோட்டு வந்து இறங்கவே இல்லை என்று சொன்ன பிறகும் அடித்தான், அதற்கு மறுநாளும் அடித்தான். இந்த இடத்தைத்தான் அவள் கதையில் மிகவும் நேசித்தாள், தெரிந்த பிறகும் அடித்த அந்த நாட்களை. அப்புறம் ஒரு நாள் பத்திரிகை ஆபீஸுக்கு நடந்தான், நாடே திட்டியது, எதிரியின் ஆள் என்றது, வேலை போயிற்று, ஜெயில். கோட்டு போய்ச் சேர்ந்தது. நேற்று ஒத்திகையில் இந்த இடத்தில் ஜமீல் கேட்டான், "அப்ப அத்தினி நாளும் பொய்ய அடிச்சவரு அவருதானே மிஸ்? அவரும் கூட்டுதானே?" நல்ல கேள்வி. அருமையான கேள்வி. மேடம் வாசலில் நின்றிருந்தார், கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், வினோதினி, "நாளைக்கு அது வேண்டாம் ஜமீல்" என்றாள். வேண்டாம் என்று அவள் அடக்கிவிட்ட கேள்வி அது ஒன்று. இரண்டாவது அமுலுவுடையது.

அமுலுவைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து வைத்திருந்தாள், அதனால் அவளையே பார்த்தாள். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், கருகமணி கோத்த கயிறு கழுத்தில், எப்போதும் இடது கை. அவள் அண்ணன் ராணுவத்தில் சேர்ந்து ரெண்டு வருஷம், எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறான், சண்டை நடந்த நாட்களில் அவள் வகுப்புக்கு வந்து ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நேற்று ஒத்திகை முடிந்து எல்லாரும் பையை மாட்டும்போது மேசையருகில் வந்து நின்றாள். "மிஸ், எங்க அண்ணன் போன்ல ஒண்ணு சொன்னான். யார்கிட்டயும் சொல்லாதன்னான். சொல்லாம இருக்கறது துணிவா, சொல்றது துணிவா மிஸ்?" என்ன சொன்னான் என்று அவள் சொல்லவில்லை, வினோதினி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்காமல் இருந்ததுகூட சரிதான், அது அவர்கள் வீட்டு விஷயம். ஆனால் அந்தக் கேள்வி வீட்டு விஷயம் அல்ல, அது பாடம், பலகையில் எழுதி வைத்திருக்கிறாளே அதே பாடம், இத்தனை வாரம் எடுத்ததில் ஒரு பிள்ளைக்கு உள்ளே போய்த் தைத்து, அந்தப் பிள்ளை அதைத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்த ஒரே கேள்வி. அதற்கு அவள் சொன்ன பதில்: "நாளைக்கு இதெல்லாம் கேக்காத அமுலு, என்ன? எப்பவும் போல இடது கையே தூக்கு." அமுலு தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட மறந்திருக்கும். இரவு அம்மா சோறு போட்டுவிட்டு, "இன்னாத்துக்குடி மூஞ்சி இப்டி கீது, நாளைக்கு நல்லபடியா முடிஞ்சா வேலை நிலைச்சிடும்னு சொன்னியே" என்றாள். "பசங்களுக்கு தைரியத்தப் பத்திப் பாடம் எடுக்கணும்மா." "எடேன். அதுக்கு எதுக்குப் பயப்படற?" என்று அம்மா ரசத்தை ஊற்றினாள். சொன்னது தன் காதில் விழுந்ததும் அவளே சிரித்துவிட்டாள். வினோதினிக்கும் சிரிப்பு வந்தது, சோறு இறங்கவில்லை.

பாடம் போய்க்கொண்டிருந்தது. மனசு எங்கெங்கோ சுற்றினாலும் வாய் அதன்பாட்டுக்குச் சரியாகப் பேசிக்கொண்டிருந்தது, சைக்கிள் ஓட்டுகிறவன் கையை விட்டுவிட்டும் ஓட்டுவானே அது மாதிரி. கேள்வி கேட்டாள், கைகள் எழுந்தன, வலது கைகளில் ஒன்று பேசியது. கேள்வி, கைகள், பதில். பெரிய அதிகாரி மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டார், பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார், அவர் குறித்துக்கொண்டார், மேடத்தின் முகத்தில் ரிசப்ஷன் நல்லபடியாகப் போகிற களை வந்தது. முடிந்துவிட்டது, கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, இனி வீட்டுப்பாடம் கொடுத்து நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் நன்றாகத்தான் எடுக்கிறேன் என்று வினோதினி நினைத்தாள். அந்த நினைப்பு திடீரென்று, ஒட்டடை அடித்த அறை மாதிரி வெளிச்சமாக வந்தது. இந்த ஏற்பாடு எதுவும் இல்லாவிட்டாலும் நன்றாகத்தான் எடுப்பேன். ஒத்திகை பார்த்தது என் பாடம் மோசம் என்பதற்காக அல்ல, பிள்ளைகள் மோசம் என்பதற்காகவும் அல்ல, யாரும் யாரையும் நம்பவில்லை என்பதற்காக. இதை யோசித்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், கரகரப்பான, ஆசிரியராக இருந்து பழகிய குரல்: "அம்மா, நான் பசங்கள ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார், தாராளமா" என்றார் மேடம், வினோதினிக்கு முன்னால். பெரிய அதிகாரி எழுந்து நிற்கவில்லை, உட்கார்ந்தபடியே, கையை பெஞ்சில் ஊன்றிக்கொண்டு கேட்டார். "டீச்சர் சொன்ன கதை நல்லா இருந்தது. எனக்கு ஒரு சந்தேகம். போர் நடக்குது. அந்த நேரத்துல நம்ம வீரனுக்குக் கோட்டு இல்லன்னு ஊர் முழுக்கச் சொன்னா எதிரிக்குத்தானே லாபம்? அப்ப அந்த குமாஸ்தா செஞ்சது சரியா, தப்பா? யார் சொல்றீங்க?" ஒத்திகையில் இல்லாத கேள்வி. ஆனாலும் கைகள் எழுந்தன, பழகின கைகள், யார் கேள்வி கேட்டாலும் எழ வேண்டும் என்று பழக்கியிருந்த கைகள். அத்தனையும் இடது கை. முதல் வரிசை இடது கை, ஜமீல் இடது கை, நித்யகல்யாணி, வகுப்பின் முதல் மதிப்பெண் நித்யகல்யாணி, விரல்களைச் சேர்த்துக் காதை ஒட்டி அழகாக இடது கை. ஒருத்தர் பாக்கியில்லாமல் கீழ்ப்படிந்திருந்தார்கள், ஒருத்தர் பாக்கியில்லாமல் உண்மை சொல்லியிருந்தார்கள், தெரியாது, தெரியாது, எங்களுக்குத் தெரியாது மிஸ். வகுப்பே ஒரே பக்கமாகக் காற்றடித்த வயல் போலச் சாய்ந்திருந்தது. அப்புறம்தான் பார்த்தாள், ஜன்னலோரத்தில் ஒரு கை மட்டும் எதிர்ப்பக்கமாக. முழுசாகத் தூக்கவில்லை, முழங்கையை மேசையில் ஊன்றி, பாதி. அமுலுவின் வலது கை.

மேடத்தின் கண் நித்யகல்யாணியைக் காட்டியது. அவளை எழுப்பு, எதையாவது ஒப்பேற்றுவாள், இடது கையானால் என்ன. உண்மைதான், ஒப்பேற்றுவாள், 'இது சிந்திக்கத்தக்கது' என்று தொடங்கி நாலு வாக்கியம் சொல்லி உட்கார்ந்துவிடுவாள், ஒரு சேதமும் இல்லை. அமுலு என்ன சொல்வாள் என்று தெரியாது. அண்ணன் பேச்சை எடுத்தால்? அது அந்தப் பையனுக்குக் கெடுதலாகிவிட்டால்? பயம் தனக்காகவா அந்தப் பையனுக்காகவா என்று பிரித்துப் பார்க்க நேரம் இல்லை, இரண்டும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிய பாலும் தண்ணீருமாக இருந்தன. ஆனால் நேற்று அந்தப் பிள்ளைக்கு ஒரு கையைக் கட்டி அனுப்பியிருக்கிறாள், அவள் மற்ற கையைத் தூக்கியிருக்கிறாள். தெரிந்தவர்கள் வலது கை. விதி அதுதானே. விதியைச் சொல்லிக் கொடுத்தது யார். "அமுலு" என்றாள், "நீ சொல்லும்மா." தன் குரல் வகுப்பறையில் போய் விழுந்த விதம் அவளுக்குப் பிடித்திருந்தது.

அமுலு எழுந்தாள். எந்தக் கோணத்தில் நிற்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தே நின்றாள். "எங்க அண்ணன் மிலிட்டரில இருக்கான் சார்" என்றாள், மேடம் நாற்காலியில் நிமிர்ந்தார், "அவனப் பத்தி நான் எதுவும் சொல்ல மாட்டேன். மிஸ் சொன்ன கதையிலருந்தே சொல்றேன். கோட்டு இல்லன்னு எதிரிக்குத் தெரியாதா சார்? அவன் எதுர்லதானே நிக்கிறான்? நடுங்கறது அவன் கண்ணுக்குத் தெரியாதா? அவனுக்கு எல்லாம் தெரியும் சார். தெரியாம இருந்தது வீட்ல கீறவங்களுக்குத்தான்." 'கீறவங்க' என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள், "இருக்கறவங்களுக்கு" என்று திருத்தினாள். "தெரிஞ்சிருந்தா அவங்க சும்மா இருந்திருக்க மாட்டாங்க, அதான் அவங்களுக்குச் சொல்லல. எதிரி பேரச் சொல்லி வீட்டுக்காரங்ககிட்ட மறைச்சாங்க. குமாஸ்தா செஞ்சது சரி சார்." ஒரு நிமிஷம் நின்று, "ஆனா எங்கம்மாவா இருந்தா, பயந்துக்கிட்டேதான் அவரு செஞ்சது சரின்னு சொல்லும்" என்று சேர்த்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை வாரம் வினோதினி இந்தப் பாடத்தைச் சுமந்து திரிந்தாள், பல்லிடுக்கில் மாட்டியிருந்ததை இந்தப் பெண் நாலு வாக்கியத்தில் எடுத்துப் போட்டுவிட்டாள். பஸ்ஸில் அவள் பார்த்த ஓட்டை, ஜமீல் கேட்டது, எல்லாமே அதற்குப் பக்கத்தில்தான் இருந்தன, அவள்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

பெரிய அதிகாரி மெதுவாகத் தலையாட்டினார். அப்புறம் வகுப்பைப் பார்த்தார். யாரும் கையை இறக்கச் சொல்லாததால் மற்ற கைகள் எல்லாம் இன்னும் மேலேயே இருந்தன. "ஏம்மா" என்றார், யாரிடம் என்று தெரியாதபடி, "இந்தப் பொண்ணத் தவிர அத்தன பேரும் இடது கையா இருக்கே?" கேட்டபோது அவர் மீசைக்குள் ஒரு அசைவு. "அது வந்து சார், இந்த செட்டுல இடது கைப் பழக்கம் கொஞ்சம் ஜாஸ்தி சார்" என்றார் மேடம், ஒரு கணம்கூடத் தடுமாறாமல். பின் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். சிலர் அவசரமாகப் பேனாவை எடுத்து, தூக்கிய இடது கையிலேயே பிடித்துக்கொண்டார்கள். வினோதினிக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியும். அந்த மீசைக்காரருக்கு எல்லாம் தெரியும், அவரும் எங்கேயோ ஓட்டுக் கூரைக்குக் கீழே இடது கையோ வலது கையோ தூக்கி வந்தவர்தான், டீச்சராக நின்று தூக்கச் சொல்லிக் கொடுத்தவராகவும் இருப்பார். மேடத்துக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியும். எதிரில் நிற்கிறவர் கண்ணுக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது, அப்படியானால் இதை யாரிடமிருந்து மறைக்கிறோம்? மேடம் கெட்டவர் இல்லை, பரீட்சை வேலை மும்முரமாக இருந்த நேரத்திலும் அவளுக்கு விடுப்பு கொடுத்தவர், அவரை இந்தப் பெரிய மனிதரின் முன்னால் கூனிக்குறுக வைப்பதில் ஒரு வீரமும் இல்லை. பேசாமல் இருந்தால் இவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார், ரெண்டு வரி நல்லதாகவே எழுதுவார், எல்லாம் நிலைத்துவிடும். வேலை நிலைத்துவிடும், அப்பா மூட்டை தூக்குவதை நிறுத்திவிடுவார், நாளைக்கு அவள் இந்த வகுப்புக்குள் நுழைவாள், நாற்பது பேரும் அவளைப் பார்ப்பார்கள். அங்கேதான் மாட்டியது. அந்த நாளைய வகுப்புக்குள் அவளால் மனசால்கூடப் போக முடியவில்லை. தெரிந்த பிறகும் டைப் அடித்த அந்த ஒரு சாயந்தரம், அவள் கதையில் அவள் மிகவும் நேசித்த இடம், அதில் அவளே உட்கார்ந்திருந்தாள். டீ கிளாஸை மூடி வைத்திருந்தாள்.

"இடது கைப் பழக்கம் இல்ல சார்" என்றாள். சாக்பீஸ் கையில் இருந்தது, அது இன்னும் சின்னதாக உடைந்தது தெரிந்தது. "தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கைன்னு பழக்கி வச்சிருக்கோம். நேத்து ஒத்திகையில இவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான் சார். உங்க கேள்விக்கு இவங்களுக்குப் பதில் தெரியல, அதத்தான் ஒழுங்காச் சொல்லியிருக்காங்க." நாற்காலி தரையில் உரசிய சத்தம் கேட்டது, மேடம் எழுந்திருக்க வேண்டும், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய அதிகாரி பக்கத்தில் இருந்தவரின் கையிலிருந்து குறிப்பேட்டை வாங்கினார், பேனாவைத் திறந்தார், எழுதினார். ஒரு வரி, இன்னொரு வரி. எழுதுகிறவரின் முகத்தைப் பார்த்தால் ஒருவேளை என்ன என்று தெரிந்துவிடும், தினமும் பஸ்ஸில் எத்தனை பேரின் முகத்தைப் படிக்கிறாள். பார்க்கவில்லை. முழங்கால் இப்போதுதான் நடுங்கத் தொடங்கியது, எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்கிற சொந்தக்காரர் மாதிரி. நடுங்கட்டும், அதற்கான ஏற்பாடுகள் கைவசம் இருக்கின்றன. டஸ்டரை எடுத்தாள். சரிந்திருந்த 'ம்' மட்டும் அழித்து நேராக எழுதினாள். திரும்பினாள். கைகள் இன்னும் மேலேயே இருந்தன, சிலருக்கு வலித்து மற்ற கையால் தாங்கிக்கொண்டிருந்தார்கள், என்ன செய்வது என்று தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் கையக் கீழ போடுங்க" என்றாள். "பெல்லடிக்க இன்னும் நேரம் இருக்கு. தெரியாதவங்க கேளுங்க. எந்தக் கைன்னு இல்ல."

கைகள் இறங்கின. அப்புறம் படிய வாரிய தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டு ஜமீல் எழுந்தான். கை தூக்கவே இல்லை.

"மிஸ், நேத்து கேட்டேனே. அத்தினி நாளும் பொய்ய அடிச்சது அவருதானே? அவரும் கூட்டுதானே?"

"ஆமா" என்றாள் வினோதினி, மேசையின் விளிம்பில் சாய்ந்துகொண்டு. "கூட்டுதான். உக்காரு. அங்கருந்துதான் பாடமே ஆரம்பிக்குது."